கொடுத்ததை எண்ணுவதா, உயர்ந்ததை அளப்பதா?

(ஊர்நலப் பணியாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாத முடிவில் நமது அலுவலகத்திலிருந்து மேலிடத்திற்கு அறிக்கை செல்கிறது. இத்தனை தையல் இயந்திரங்கள், இத்தனை ஆடுகள், இத்தனை கூட்டங்கள் என்று அதில் எண்கள் அணிவகுத்து நிற்கும். அவை யாவும் நாம் செய்தவற்றின் கணக்கு. யாருக்காகச் செய்தோமோ அவருடைய வாழ்வு ஒரு படியேனும் உயர்ந்ததா என்னும் வினாவிற்கு அவ்வறிக்கையில் இடமில்லை. அவ்வினாவைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறோம்.

நமது தவறு ஒன்றிலிருந்தே தொடங்குவோம். ஒரு சிற்றூரில் கணவனை இழந்த தாய் ஒருவருக்குத் தையல் இயந்திரம் வழங்கி, பதிவேட்டில் ‘பணி நிறைவுற்றது’ என்று எழுதி மூடினோம். 11 மாதங்களுக்குப் பின்னர் வேறு அலுவலாக அத்தெருவழியே சென்றோம். இயந்திரம் அடகில் இருந்தது. மூத்த பெண் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நமது பதிவேட்டிலோ அது முன்னேறிய குடும்பம்! அத்தாய் நம்மைக் குறை கூறவில்லை. “நீங்கள் கொடுத்தீர்கள் ஐயா, எனக்குத்தான் காப்பாற்றத் தெரியவில்லை” என்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

மதிப்பிடும் பணி நமக்குப் புதிதன்று. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கப்பெற்றபோதே, அவற்றை ஆராயத் திட்டக் குழுவின்கீழ் மதிப்பீட்டு அமைப்பு ஒன்றும் நிறுவப்பெற்றது. 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 3 வயதிற்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்தனர். எடை ஏறாது நின்ற குழந்தைக்குத் துணை உணவு அளித்தனர், தேறியபின் நிறுத்தினர், 90 நாட்களில் தேறாத குழந்தையை மருத்துவரிடம் அனுப்பினர். அங்கே தராசு, அறிக்கைக்காகத் தொங்கவில்லை; அடுத்து யாது செய்வது என்பதைச் சொல்வதற்காகத் தொங்கிற்று.

குழந்தைக்குத் தராசு உண்டு. ஒரு குடும்பத்தின் துயரத்திற்குத் தராசு ஏது என்று கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. 1968இல் அமெரிக்க நாட்டில் கிரெசுக், ஷெர்மன் என்னும் இருவர், மனநலப் பணிக்கென ஓர் அளவுமுறையை வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரிய குறிக்கோளை முன்கூட்டியே எழுதி, அதனை ஐந்து படிகளாகப் பிரிப்பது அம்முறை. நடுப்படி நாம் எதிர்பார்க்கும் நிலை; மேலே இரண்டு, கீழே இரண்டு.

மீண்டும் அத்தாயின் வீட்டிற்குச் சென்று, அவர் இசைவு பெற்று, திண்ணையில் அமர்ந்து எழுதினோம். பெண்ணின் படிப்புக்கு இட்ட படிகள் இவை: பள்ளிக்கே செல்லாமை கடைப்படி, மாதத்தில் பாதி நாள் செல்லுதல் அதற்கு அடுத்தது, முக்கால் பங்கு நாள் செல்லுதல் நடுப்படி, தவறாமல் செல்லுதல் நான்காவது, தேர்விலும் தேறுதல் தலைப்படி. வாரத்தில் எத்தனை நாள் இருவேளை உலை ஏறிற்று, வட்டிப் பாக்கி எவ்வளவு என்னும் இரண்டையும் சேர்த்துக் குறித்தோம். அவ்விரண்டையும் தேர்ந்தவர் அத்தாயே. தமது துயரம் எங்கே இருக்கிறது என்பதை அவரன்றோ அறிவார்!

முதல் மூன்று மாதங்கள் எக்கோடும் அசையவில்லை. முன்பெனில் ‘ஒத்துழைப்புப் போதாது’ என்று எழுதியிருப்போம். இம்முறை நமது வேலையை ஆராய்ந்தோம். அச்சிற்றூரில் தைக்கக் கொடுப்போரே இல்லை. இரவிக்கைத் துணியெல்லாம் நகரத்துக் கடைக்குப் போயிற்று. இயந்திரம் கொடுத்த நாம், வேலை எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை! பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் அவரை உறுப்பினராக்க முயன்றோம். அடகும் மீண்டது. ஆறாவது மாதத்தில் உலைக் கோடு ஏறிற்று. அடுத்த கல்வியாண்டில் பெண் பள்ளிக்குத் திரும்பினாள். இன்று நடுப்படியில் நிற்கிறாள். வட்டிப் பாக்கி மட்டும் இன்னும் முழுதும் தீரவில்லை.

இதனை நமது வெற்றி என்று பறைசாற்றலாகாது. அதே பருவத்தில் ஏரி தூர் வாரும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. ஏற்றத்தில் எப்பங்கு நம்முடையது என்று ஒரு குடும்பத்தை மட்டும் கொண்டு உறுதி கூற இயலாது. ஆயினும் கோடு நின்றபோது நின்றது என்று அறிந்தோம். அதுவே பெரும் பயன்.

ஓர் எச்சரிக்கை. கோடு தாழ்ந்தால் பணியாளர் மேல் பழி விழும் என்ற அச்சம் இருக்குமாயின், கோடு ஒருநாளும் தாழாது. பேனா அதனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தாழ்ந்த எண்ணை உண்மையாய் எழுதி வரும் பணியாளரைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்று இவ்வவையில் உறுதி கூறுகிறோம்.

நீங்கள் ஒவ்வொருவரும் இம்மாதம் ஒரே ஒரு குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உதவி செய்யுமுன் அவர் நிற்கும் நிலையை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதுங்கள். மாதந்தோறும் அதே கேள்வியைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அவ்வேடுகளோடு மீண்டும் இங்கே கூடுவோம்.