பரண் எத்தனை அடி உயரத்துல இருக்கணும்?

நியூ ஜெர்சியில இருக்கற ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வில் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தாச்சு, ட்ரீ ஸ்டாண்டும் வாங்கியாச்சு, ஆனா 15 அடி போதும்னு ஒருத்தரும் 30 அடி ஏறணும்னு இன்னொருத்தரும் சொல்றாங்களாம். எதைக் கேக்கறதுன்னு குழப்பம். நான் இருக்கறது பென்சில்வேனியா. இங்க அக்டோபர் வந்தா ஆபீஸ்ல பாதிப் பேர் பேசறது இதைத்தான்.

சென்னையில, கோவையில இருந்து கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரீ ஸ்டாண்டுன்னா நம்ம பரண்தான். கொல்லையில கிளி விரட்ட, பன்னி விரட்டக் கட்டுவாங்களே, அதேதான், மரத்துல. வடக்க இதுக்குப் பேரு மச்சான்! நம்ம மச்சான் இல்ல, அது வேற. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவுல வெள்ளைவால் மான் ஏராளம். லைசென்ஸ், சீசன், எத்தனை மான்ங்கிற கணக்கு எல்லாத்தையும் அந்தந்த மாநில அரசே முடிவு பண்ணுது.

சரி, எதுக்கு மேல ஏறணும்? மானுக்குக் கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கு. திரும்பாமலே கிட்டத்தட்ட சுத்தி இருக்கற எல்லாம் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு நிறமெல்லாம் அதுக்குச் சரியாப் பிரிச்சுத் தெரியாது. ஆனா சின்ன அசைவு உடனே தெரியும். மூக்கைப் பத்திச் சொல்லவே வேணாம். மேல இருந்தா அதோட பார்வைக்கோட்டுல இருந்து விலகறோம், நம்ம வாசனையும் கொஞ்ச தூரம் தலைக்கு மேல போயிடும். அப்ப எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதுதானேன்னு தோணும். இல்ல.

இங்கதான் பத்தாங்கிளாஸ் முக்கோணவியல் வருது. ஸ்டாண்ட் 20 அடியில, மான் 20 கெஜத்துல, அதாவது 60 அடியில நிக்குது. அம்பு இறங்கற கோணம் சுமார் 18 டிகிரி. சாய்வா அளந்தா தூரம் 63 அடி. ஒரு கெஜம்தான் கூட. இப்ப 30 அடி ஏறுங்க, மான் 10 கெஜத்துல வருது. கோணம் 45 டிகிரி! சாய்வு தூரம் 14 கெஜம், ஆனா அம்பைப் புவியீர்ப்பு இழுக்கறது ஏறக்குறைய அந்த 10 கெஜத்துக்குத்தான். ரேஞ்ச்ஃபைண்டர் காட்டற 14-ஐ நம்பிக் குறி வச்சா அம்பு மேல போயிடும். கோணத்தைக் கழிச்சுச் சொல்ற ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு, அதனால இதைச் சமாளிச்சுடலாம்.

சமாளிக்க முடியாதது மானோட உடம்பு. துப்பாக்கிக் குண்டு மாதிரி அம்புக்கு அதிர்ச்சி பலம் கிடையாது. ரெண்டு நுரையீரலையும் வெட்டினா மான் சில நொடியில விழும். பக்கவாட்டுல நிக்கற மானுக்கு 18 டிகிரியில அம்பு போனா ரெண்டையும் துளைச்சுட்டு அந்தப் பக்கம் வெளிய வந்துடும். 45 டிகிரியில முதுகெலும்பு பக்கத்துல நுழைஞ்சு கீழ இறங்கும்போது ஒரு நுரையீரல் மட்டும் அடிபடற வாய்ப்பு அதிகம். அப்படி அடிபட்ட மான் ரொம்ப தூரம் ஓடும், ராத்திரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காமப் போகலாம். எங்கயோ புதர்ல கிடந்து சாகும். உயரத்தைப் பத்தி நான் இவ்வளவு பேசறதுக்கு இதுதான் காரணம். நம்மள ஒளிச்சுக்க ஏறற ஒவ்வொரு அடிக்கும் மான் கொடுக்கற இலக்கு சுருங்குது.

அதனால என் கணக்கு இதுதான்: மறைவு கிடைக்கற உயரத்துல மிகக் குறைஞ்சது எதுவோ அது. பின்னாடி கிளை, இலை, ரெண்டா மூணாப் பிரிஞ்ச மரம் இருந்தா 15 அடியே போதும். மொட்டை மரத்துல 25 அடி ஏறினாலும் வானத்துக்கு முன்னாடி கறுப்பா நிப்பீங்க. நவம்பர்ல மத்த மரமெல்லாம் இலை கொட்டும்போது ஓக் மரம் பழுப்பு இலையை ரொம்ப நாள் பிடிச்சு வச்சிருக்கும், அது ஒரு வசதி. பெரும்பாலான இடத்துல 18-லிருந்து 20 அடியில நிறுத்திக்கலாம்.

மலைச்சரிவா இருந்தா மரத்தோட அடியில இருந்து அளக்காதீங்க. மான் நடக்கற தடத்துல இருந்து அளங்க. தடம் மேட்டுப் பக்கம் இருந்தா உங்க 20 அடி அதுக்கு 8 அடிதான். பள்ளத்துப் பக்கம் இருந்தா 32.

காத்து தனிக் கதை. காலையில வெயில் ஏற ஏற காத்து மேல போகும், சாயங்காலம் குளிர்ந்து சரிவுல கீழ இறங்கும், உங்க வாசனையும் கூடவே. இதை உயரத்தால சரி பண்ண முடியாது. வேற மரம்தான் பார்க்கணும்.

கடைசியா, ப்ரோ, விழறது. வேட்டைக்காரங்களுக்குப் பெரிய காயம் ஆகறதுல ட்ரீ ஸ்டாண்டுல இருந்து விழறது முக்கியக் காரணம். உட்கார்ந்தப்புறம் ஹார்னஸ் மாட்டறது பத்தாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிறைய விழறாங்க. தரையில இருக்கும்போதே உடம்பு முழுக்க வர்ற ஹார்னஸைப் போட்டு, லைஃப்லைன் கயித்துல மாட்டிட்டு ஏறுங்க. வில்லைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறாதீங்க, மேல போய்க் கயித்துல தூக்கிக்கலாம். எந்த உயரத்துல கால் நடுங்குதோ அதுக்கு ரெண்டு அடி கீழ கட்டுங்க. நடுங்கற கையால அம்பு விட முடியாது.

சீசனுக்கு முன்னாடி அதே உயரத்துல இருந்து கீழ டார்கெட் வச்சு அடிச்சுப் பழகுங்க. கையை மட்டும் கீழ இறக்காம இடுப்பை வளைச்சு அடிக்கணும். முதல் பத்து அம்பு எங்க விழுதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் போடுங்க.