சிங்கப்பூரின் அல்லங்காடிகள்

மதுரைக்காஞ்சி என்னும் பழந்தமிழ்ப் பாட்டு, பாண்டியர் தலைநகரிலே இருந்த இருவகை அங்காடிகளைப் பற்றிக் கூறுகின்றது. பகலிலே கூடுவது நாளங்காடி. இரவிலே கூடுவது அல்லங்காடி. தின்பண்டம் விற்பவர்களும் அவ்வங்காடிகளிலே இடம்பெறுகின்றனர். வீட்டுக்கு வெளியே, தெருவோரத்திலே, விலைக்கு வாங்கி உண்ணும் வழக்கம் இக்காலத்து நாகரிகம் கொண்டுவந்த கேடு என்று குறைகூறும் பெரியோர்கள் இதனைச் சற்றே நினைவிற் கொள்ளுதல் நன்று. பெருநகரம் என்று ஒன்று தோன்றிய நாளிலேயே, அதன் தெருவிலே அடுப்பு மூட்டி விற்பவனும் தோன்றிவிட்டான்.

அல்லங்காடி இன்றும் சிறந்து விளங்கும் நகரங்களுள் ஒன்று சிங்கப்பூர். யாழ்ப்பாணத்து ஊர்களிலே ‘மலாயன் பென்சனியர்’ என்ற பெயர் மதிப்போடு வழங்கிய காலம் ஒன்று இருந்தமையால், அந்நகரம் நேயர்களுக்கு முற்றிலும் புதியதன்று. தெருவிலே உணவு விற்பவரை அங்குள்ள தமிழர் ‘அங்காடிக்காரர்’ என்பர். அவர்கள் ஒரு கூரையின் கீழ் இருந்து விற்கும் இடம் ‘உணவங்காடி நிலையம்’ எனப்படும். தமிழ் அந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்றாதலால், அரசாங்க அறிவித்தல்களிலும் இச்சொற்களே காணப்படுகின்றன. நமது பழைய அங்காடி என்னும் சொல், கடல் கடந்து சென்று அங்கே இவ்வாறு வாழ்கின்றது.

அந்நகரத்தின் வீதிகள் ஐம்பது, அறுபதாம் ஆண்டுகளிலே எவ்வாறு இருந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். சீனர் சிலர் தோளிலே ஒரு தடியை வைத்து, அதன் ஒரு முனையில் அடுப்பையும், மறுமுனையிற் கிண்ணங்களையும் தொங்கவிட்டுக் காவடி சுமப்பார்போலத் தெருத்தெருவாக நடந்து விற்றனர். மீ என்னும் நூலப்பம் விற்பவனுக்கு உதவியாக ஒரு சிறுவன் முன்னே செல்வான். அவன் இரண்டு மூங்கிற் குச்சிகளைத் தட்டி எழுப்பும் ‘டொக், டொக்’ என்னும் ஓசையே விளம்பரம். அவ்வோசையே அவ்வுணவுக்குப் பெயராகவும் ஆயிற்று. தலையிலே தட்டைச் சுமந்து கடலை விற்றவர்கள் தமிழர். மலாய் மொழியிலே கடலைக்குக் ‘கச்சாங்’ என்று பெயர். அதைக் கேட்கும் யாழ்ப்பாணத்தவருக்குத் தம் ஊர்க் கச்சான் நினைவுக்கு வராமற் போகாது. மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் ஈர்க்கிலே கோத்த இறைச்சியைக் கரிநெருப்பில் வாட்டி, அரைத்த நிலக்கடலைக் குழம்புடன் கொடுத்தனர். இதுவே சாத்தே. உண்டு முடித்தபின் எஞ்சிய ஈர்க்குகளை எண்ணிக் காசு வாங்குவது வழக்கம். கணக்குப் புத்தகம் வேண்டாத வியாபாரம் அது.

இவை கேட்பதற்கு இனியவை. ஆனால், அக்காலத்துச் சுகாதார அதிகாரி ஒருவரிடம் கேட்டிருந்தால் அவர் வேறொரு கதை சொல்லியிருப்பார். தெருவிலே குழாய்நீர் இல்லை. ஒரு வாளித் தண்ணீரிலேயே மாலை முழுவதும் கிண்ணங்கள் கழுவப்பட்டன. மீந்த சோறும், எலும்பும், எண்ணெயும் வீதியோர வாய்க்காலுக்குட் சென்று, அங்கிருந்து சிங்கப்பூர் ஆற்றிலே கலந்தன. எலியும் ஈயும் பெருகின. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் இவ்வழியே பரவும் நோய்கள் என்பது சொல்லாமலே விளங்கும். அங்காடிக்காரரின் வாழ்வும் நிம்மதியானதன்று. அதிகாரிகள் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடவேண்டும். அகப்பட்டால் வண்டியும் பண்டமும் பறிபோகும். அதிகாரிகள் வராத நாளிலே, காவற்பணம் என்று சொல்லிக் காசு பறிக்கும் சண்டியர் வருவர்.

1950ஆம் ஆண்டிலே, குடியேற்ற ஆட்சியினர் அங்காடிக்காரரைப் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தனர். அங்காடிக்காரரைத் தெருவிலிருந்து அகற்றவேண்டிய பொதுத் தொல்லையாகவே நோக்கும் மனப்பான்மை அதிகாரிகளிடையே உண்டு என்பதை அக்குழுவின் அறிக்கையே எடுத்துக்காட்டியது. அவ்வறிக்கை சுட்டிய மனப்பான்மை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. தெருவைத் துப்புரவாக்குதல் என்றாற் பல நகரசபைகளுக்கு வண்டிகளைத் துரத்துதல் என்றே பொருள்படும். துரத்தப்பட்டவர்கள் இரண்டு நாளில் வேறொரு மூலையிலே அடுப்பு மூட்டுவர். ஏனெனில் அவர்களிடம் உண்பவர்கள் எங்கும் போய்விடவில்லை. கப்பலிற் சுமை இறக்குபவனும், கந்தோர் எழுதுவினைஞனும், கட்டட வேலைக்காரியும் நடுப்பகலிலே எங்கே சென்று உண்பார்கள் என்ற வினாவுக்கு விடை சொல்லாமல் வண்டியை மட்டும் அகற்ற முடியாது.

சுதந்திரம் பெற்ற சிங்கப்பூர் அரசாங்கம் அவ்வினாவுக்கு விடை தேடிற்று. 1968, 1969ஆம் ஆண்டுகளிலே தீவெங்கும் அங்காடிக்காரரைப் பதிவு செய்தனர். ஏறத்தாழ 18,000 பேருக்குத் தற்காலிக அனுமதி வழங்கி, பெருந்தெருக்களிலிருந்து சிறு ஒழுங்கைகளுக்கும் வாகனத் தரிப்பிடங்களுக்கும் மாற்றினர். பின்னர் 1971ஆம் ஆண்டு தொடக்கம், குழாய்நீரும், மின்சாரமும், கழிவுநீர்க் கால்வாயும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டி, அவர்களைப் படிப்படியாக அவற்றுட் குடியேற்றினர். 1977ஆம் ஆண்டிலே பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் ஆற்றைத் தூய்மையாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தபோது இவ்வேலை மேலும் விரைவடைந்தது. 1986ஆம் ஆண்டளவில் தெருவோர அங்காடிக்காரர் அனைவரும் கூரையின் கீழ் வந்துவிட்டனர்.

இது சிறிய செயலன்று. வண்டியை அழிக்காமல், வண்டிக்கு ஒரு குழாயும் கூரையும் கொடுத்தால் நோய் நீங்கும், தொழிலும் நிற்கும் என்பதை அந்நகரம் கண்டது. இதனை வெறும் புகழுரையாகக் கொள்ள வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டுகள் விடாது செய்த வேலை அது. தெருமுனையைவிட்டு நிலையத்துக்குப் போனால் வாடிக்கையாளர் வருவார்களோ என்று அஞ்சியவர்களும், வாடகை கொடுத்துக் கட்டாது என்று தொழிலையே கைவிட்டவர்களும் உண்டு.

மறைந்துபோன இடங்களுள் ஒன்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஓர்ச்சர்ட் வீதியிலே ஒரு வாகனத் தரிப்பிடம் இருந்தது. பகல் முழுவதும் அங்கே மோட்டார் வண்டிகள் நிற்கும். மாலையானதும் அவை வெளியேற, அங்காடிக்காரர் தம் வண்டிகளைத் தள்ளிவந்து, மேசையும் முக்காலியும் பரப்பி, விளக்கேற்றுவர். சற்று முன்பு வெறுந்தரையாக இருந்த இடத்தில் நள்ளிரவு வரை நெருப்பும் புகையும் கலகலப்பும் நிறைந்திருக்கும். பொழுது விடியும்போது ஒன்றுமே இராது. உணவுப் பிரியர்களின் சதுக்கம் என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட அவ்விடம் 1978ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. பீச் வீதியருகே தோன்றிப் பின்னர் கடற்கரைப் பூங்காவுக்குச் சென்ற சாத்தே வண்டிகளின் கூட்டமும் 1995ஆம் ஆண்டிலே கலைந்தது.

ஆயினும் அவ்வழக்கத்தின் ஒரு கிளை இன்றும் தளிர்க்கின்றது. வங்கிகளும் வணிக நிலையங்களும் வானளாவ நிற்கும் பகுதியின் நடுவே, 1894ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட எண்கோண வடிவான இரும்புச் சந்தைக் கட்டடம் ஒன்று இருக்கின்றது. தெலுக் ஆயர் சந்தை என்பது அதன் பழைய பெயர். சீனமொழி வழக்கிலே லாவ் பா சாட், அதாவது பழைய சந்தை, என்பர். அதன் ஓரமாகச் செல்லும் பூன் டாட் வீதியிலே மாலை ஏழு மணியளவில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிடுகின்றனர். உடனே வீதியின் நடுவிலே மேசைகள் முளைக்கின்றன. சாத்தே அடுப்புகளிலிருந்து புகை எழுகின்றது. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வரும் வங்கி உத்தியோகத்தரும், வெளிநாட்டுப் பிரயாணிகளும் வீதியின் நடுவே அமர்ந்து உண்கின்றனர். மதுரையின் அல்லங்காடியைக் காணவேண்டும் என்று விரும்பும் தமிழ் மாணவன் ஒருவன் இவ்வீதியிலே ஒரு மணிநேரம் இருந்தால், உரையாசிரியரின் உதவி பெரிதும் வேண்டியிராது.

நிலையங்களுக்குள்ளே உண்பவர் நடந்துகொள்ளும் முறை தனியே கவனிக்கத்தக்கது. மேசைகள் எவருக்கும் சொந்தமல்ல. இடம் பிடிக்க விரும்புபவர் மேசையிலே ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொதியை வைத்துவிட்டு உணவு வாங்கச் செல்வார். அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு அமர்பவர் அரிது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இச்சட்டம் எவ்வாறு இவ்வளவு மதிக்கப்படுகின்றது என்பது வியப்பே. உண்ட தட்டை உரிய இடத்தில் வைக்கும் பழக்கம் மட்டும் தானாக வரவில்லை. 2021ஆம் ஆண்டு செப்தெம்பர் முதற்றேதி தொடக்கம் அதற்குச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது.

ஒரே மேசையிலே சீனர் ஒருவர் கோழிச் சோறும், மலாய்க்காரர் ஒருவர் லக்சாவும், தமிழர் ஒருவர் தோசையும் உண்ணலாம். முஸ்லிம்களுக்குரிய தட்டுகள் வேறாகவே கழுவப்படுகின்றன. அவரவர் ஆசாரம் அவரவர்க்கு. ஆனால் பண்டங்கள் அவ்வாறு வேறுபட்டு நிற்கவில்லை. மீ கோரிங் என்னும் உணவை எடுத்துக்கொள்வோம். நூலப்பம் சீனருடையது, பெயர் மலாய் மொழி, அதனைத் தக்காளிக் குழம்பும் மிளகாயும் சேர்த்துச் செந்நிறமாகப் பொரித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். இவ்வுணவை இந்தியாவிலே தேடினாற் கிடைக்காது. அது அந்தத் தெருக்களிலேயே பிறந்தது. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்திலே, மாவை வீசி விசிறிப் பராட்டா சுடுபவரின் கைத்திறனைக் காணச் சிறுவர்கள் கூடுவதுண்டு. மூங்கிலடி என்று பொருள்படும் சீனச் சொல்லே தேக்கா ஆயிற்று என்பர். இன்று அங்கே காதிலே விழும் மொழிகளுள் தமிழே மேலோங்கி நிற்கின்றது.

2016ஆம் ஆண்டிலே, மிச்சலின் என்னும் பிரான்சிய உணவு வழிகாட்டி, சிங்கப்பூரின் இரண்டு அங்காடிக் கடைகளுக்கு ஒவ்வொரு நட்சத்திரம் வழங்கியது. 2020ஆம் ஆண்டு திசெம்பரில், சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலிலே சேர்த்தது. தொல்லை என்று கருதப்பட்டவர்கள் எழுபது ஆண்டுகளிலே செல்வம் ஆயினர்.

புகழ் வந்தது, ஆனால் வாரிசு வரவில்லை. அண்மை ஆண்டுகளில் அங்காடிக்காரரின் இடைநிலை வயது ஏறத்தாழ 60. இளைஞர் இத்தொழிலை நாடாமைக்குக் காரணம் சோம்பல் என்று கூறுவது நியாயமன்று. பராட்டாக் கடைக்காரர் காலையில் வருபவர்களுக்காக இரவிலேயே மாவு பிசைகின்றார். அதன்பின் பத்து, பன்னிரண்டு மணிநேரம் இரும்புக் கல்லின் வெக்கையிலே நிற்கின்றார். முதற்றலைமுறையினருக்கு அரசாங்கம் மிகக் குறைந்த வாடகையிலே கடை கொடுத்தது. பின்வந்தோர் பலர் கேள்விப்பத்திரம் மூலம் கூடிய வாடகைக்குக் கடை பெறவேண்டும். கோழி, எண்ணெய், எரிவாயு எல்லாம் விலை ஏறுகின்றன. ஆனால் ஒரு தட்டுச் சோற்றுக்கு ஐம்பது காசு கூட்டினால், நாட்டுக்கே தீங்கு வந்ததுபோல முறைப்பாடு எழுகின்றது. நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்த புதிய நிலையங்கள் சிலவற்றிலே, கடைக்காரரிடம் வசூலிக்கப்படும் கட்டணங்கள் அதிகம் என்று 2018ஆம் ஆண்டிலே பெரும் வாதமே நடந்தது.

இங்கேதான் உண்பவரின் மனச்சாட்சிக்கு ஒரு கேள்வி இருக்கின்றது. குளிரூட்டிய உணவுச்சாலையிலே கேட்ட விலையை வாய்திறவாது கொடுப்பவர், அங்காடிக்காரரிடம் மட்டும் மலிவை உரிமையாகக் கேட்கின்றார். அந்த மலிவு எங்கிருந்து வருகின்றது? ஓரளவு அரசாங்கத்தின் வாடகைச் சலுகையிலிருந்து. பெரும்பகுதி, கணவனும் மனைவியுமாக நின்று கூலி கணக்கிடாது உழைக்கும் உழைப்பிலிருந்து. அவ்வாறு உழைத்த பெற்றோர், தம் மக்களைப் படிக்க வைத்து வேறு உத்தியோகம் பார்க்குமாறு அனுப்பியதிலே எவரும் குற்றம் காண இயலாது. படிக்க வைப்பதற்காகவே அவர்கள் அடுப்படியில் நின்றார்கள்.

திருவிளையாடலிலே பிட்டு விற்ற வந்தியின் கதையை அறியாத சைவச் சிறுவர் இலர். வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஓராள் வந்து கரையை அடைக்கவேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். பிட்டு அவித்து விற்று வாழ்ந்த அக்கிழவிக்கு அனுப்புவதற்கு ஆள் இல்லை. அவள் துயர் தீர்க்க இறைவனே கூலியாளாக வந்தான் என்பது புராணம். சிங்கப்பூரின் வந்திகளுக்கு ஆள் தேடும் வேலையை அரசாங்கம் மேற்கொண்டுள்ளது. புதிதாகத் தொழில் பழக விரும்புவோரை அனுபவமுள்ள அங்காடிக்காரரிடம் பயிற்சிக்கு விடும் திட்டம் ஒன்று 2020ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. முதலில் சில மாதங்களுக்கு வாடகைச் சலுகையோடு கடை கொடுத்துப் பழக்கும் முயற்சியும் உண்டு. வங்கி வேலையை விட்டுக் கரண்டி பிடித்தவர்கள் சிலர் வந்திருக்கின்றார்கள். அவர்களுட் சிலர் நிலைத்தனர்; சிலர் ஓரிரு ஆண்டுகளிலே கைவிட்டனர்.

குழாயையும் கூரையையும் அரசாங்கம் கட்டிக் கொடுக்கலாம். குழம்பின் பதத்தை எழுதி வைக்கவும் கூடும். கரிநெருப்பு எந்த நிறத்துக்கு வரும்போது ஈர்க்கைத் திருப்பவேண்டும் என்பதை, அருகில் நின்று பல நூறு மாலைகள் பார்த்தவனே அறிவான். பூன் டாட் வீதியிலே இன்று மாலையும் ஏழு மணிக்கு வாகனங்கள் நிறுத்தப்படும், மேசைகள் வரும், விசிறி அசையத் தொடங்கும்.