சொஸ்மாவை ஏன் எதிர்க்கிறோம்? லூமுட் கூட்டத்தில் ஆற்றிய உரை



2019 அக்டோபரை மறந்துவிடாதீர்கள். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரைச் சொஸ்மாவில் பிடித்தார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். இலங்கைப் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, கைப்பேசியில் இருந்த பிரபாகரன் படம் இங்கே சாட்சியாக வந்து நிற்கிறது! அந்தத் தீபாவளிக்கு அவர்கள் யாரும் வீட்டில் இல்லை. நவம்பர் 29-ல், ஜாமீனை மறுக்கும் 13-வது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்ற நீதிபதி நஸ்லான் சொன்னார். ஆனால் வேறு நீதிபதி அதை ஏற்கவில்லை. 2020 பிப்ரவரி 21-ல் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தாயிற்று. அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார்?

"குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா லோயர்?" என்று கேட்கிறீர்கள். பிடிக்கட்டும். சாதாரணச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கூடிப்போனால் 14 நாள் தடுப்புக் காவல். சொஸ்மாவில் மாஜிஸ்திரேட் இல்லாமலே 28 நாள்.

இதன் வேர் நம் பேராக்கில்தான். 1948-ல் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. 1949 மே 4-ல் தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கில் போட்டார்கள். 1960-ல் அவசரகாலம் முடிந்தது, அதன் கைதுச் சட்டம் 'இசா' என்ற பெயரில் தங்கிவிட்டது. 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங்கில் அடைத்ததும் அதே இசா. 2012-ல் அதை எடுத்துவிட்டுச் சொஸ்மாவைக் கொண்டுவந்தார்கள். சட்டை மாறியது, ஆள் மாறவில்லை.

28 நாள் அதிகாரத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் 23-ல் ஆதரவு 84, எதிர்ப்பு 86. இரண்டே வாக்கில் தோற்றது! ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அது 2027 ஜூலை வரை. வாக்குக் கேட்டு வந்தவரிடம் இப்போதே கேளுங்கள்: உங்கள் கை எந்தப் பக்கம்? ஜாமீன் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்குக் காலக்கெடு கிடையாது.

அதுவரை ஒன்று. வீட்டில் யாரையாவது பிடித்தால், குடும்பத்துக்கு உடனே தெரிவிப்பது போலீசின் கடமை. லோயரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரைதான் தள்ளிப்போடலாம். எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி, எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.