பேய்ப்பெட்டியும் பாதிக்குப் பாதியும்
(தென்னாப்பிரிக்காவில் டெலிவிஷன் வந்த 1976-ம் வருஷத்தைப் பற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தென்னாப்பிரிக்கா தேசத்தில் டெலிவிஷன் என்னும் தொலைக்காட்சி வந்த கதையாகும். எங்கேயோ கடல் தாண்டியுள்ள தேசத்து யந்திரக் கதை நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வெறும் யந்திரத்தின் கதையாயிருந்தால் நாமும் உங்கள் நேரத்தைக் கெடுக்க வந்திருக்க மாட்டோம். ஒரு யந்திரத்தைப் பேய் என்று சொல்லி வெகுகாலம் தடுத்தவர்கள் யார், பிறகு அதையே உள்ளே அழைத்து வந்தவர்கள் யார், அழைத்து வந்தபின் அதன் வாயில் யாருடைய பாஷையைத் திணித்தார்கள் என்பவைகளே நாம் கவனிக்க வேண்டியவைகளாகும்.

முதலாவதாக, அந்தத் தேசத்தின் நிலைமையைப் பாருங்கள். ஆப்பிரிக்காக் கண்டத்திலேயே தங்கமும் வைரமும் தொழிற்சாலைகளும் நிறைந்த பணக்கார தேசம் அது. இங்கிலாந்தில் டெலிவிஷன் ஒழுங்காக ஆரம்பமானது 1936-ல். நைஜீரியாவுக்கு 1959-ல் வந்துவிட்டது. நம் இந்தியாவில், டில்லியில் சோதனையாக, அதே 1959-ல் தொடங்கிற்று. தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்து வீடாகிய ரொடீஷியாவுக்கு 1960-ல் வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவுக்கோ 1976 ஜனவரி 5-ந் தேதி வரையில் வரவில்லை. பணமில்லையா? இருந்தது. நிபுணர்கள் இல்லையா? இருந்தார்கள். பின் என்னதான் குறை என்றால், ஆண்டவர்களுக்குத் தைரியம் இல்லை என்பதுதான்.

1958 முதல் 1968 வரையில் தபால் தந்தி மந்திரியாக இருந்தவர் டாக்டர் ஆல்பர்ட் ஹெர்ட்சோக் என்பவர். தாம் உயிரோடிருக்கும் வரையில் டெலிவிஷன் வர முடியாது என்று இவர் பிடிவாதம் பிடித்தார். இந்தப் பெட்டி சாத்தானுடைய கருவி என்றும், ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றும், பொதுவுடைமையைப் பரப்பும் என்றும் பேசப்பட்டது. முதல் மந்திரியாயிருந்த வெர்வோர்ட் என்பவரோ, அணுகுண்டும் விஷவாயுவுங்கூட நவீன சாதனங்கள்தான், நவீனமாயிருப்பதாலேயே ஒன்றை வரவேற்க வேண்டியதில்லை என்று பொருள்படப் பேசினார். மக்களின் ஆவிக்கும் சரீரத்துக்கும் வரக்கூடிய ஆபத்தைச் சர்க்கார் கவனிக்க வேண்டுமாம்!

தோழர்களே! மக்களின் ஆவியைப் பற்றி ஒருவன் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறான் என்றால், அவன் மடியில் ஏதோ கனமிருக்கிறது என்றே நாம் சந்தேகிக்க வேண்டும். பெட்டியைப் பேய் என்ற இதே கூட்டத்தார் ரேடியோவை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1960-ல் கறுப்பு மக்களுக்கென்று தனியாக "ரேடியோ பாண்டு" என்பதை ஏற்படுத்தி, ஜூலுவுக்கு ஒன்று, ஸோஸாவுக்கு ஒன்று, ஸோதோவுக்கு ஒன்று என்று பாஷைக்குப் பாஷை பிரித்து வைத்தார்கள். அடுத்த வருஷமே எஃப்.எம். என்னும் புதுமுறை ஒலிபரப்பை ஏராளமான செலவில் நாடு முழுதும் அமைக்கத் தொடங்கினார்கள். எஃப்.எம். மட்டும் பிடிக்கும் பெட்டியில் வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பு கேட்காது. சர்க்கார் சொல்வது மாத்திரம் கேட்கும். இது அப்போது உலகத்திலேயே நவீனமான சாதனம். அதை மட்டும் யாரும் சாத்தான் என்று சொல்லவில்லை. ஆகவே இவர்கள் பயந்தது நவீனத்துக்கல்ல, தங்கள் பிடிக்குள் அடங்காததற்குத்தான் என்பது விளங்கவில்லையா? வெளிநாட்டுப் படங்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டால், "ஆண்டவன் நம்மைத் தனித்தனியாகப் படைத்தான்" என்கிற புளுகு ஒரே இரவில் உடைந்து போகுமே என்பதுதான் அவர்களுடைய ஆவிக்கு ஏற்பட்ட ஆபத்து.

பின் எப்படித்தான் பேய் உள்ளே வந்தது? 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். உலகத்தில் கோடிக்கணக்கான பேர் அதை நடக்கும்போதே வீட்டிலிருந்து பார்த்தார்கள். தென்னாப்பிரிக்கா வெள்ளையர்கள் தங்கத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. உடனே சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. அதன் தலைவர் பியெட் மேயர். இவர் சர்க்கார் ரேடியோ ஸ்தாபனத்தின் தலைவர். அதோடு, ஆப்ரிகான்ஸ் பாஷைக்கார வெள்ளையரின் ரகசிய சங்கமாகிய புரூடர்பாண்டுக்கும் தலைவர். திருட்டு வழக்குக்குத் திருடன் மைத்துனனே மத்தியஸ்தன் என்பதுபோல, இந்தக் கமிஷன் 1971-ல், டெலிவிஷன் வரலாம், ஆனால் அது நம் ஸ்தாபனத்தின் கையில் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கையில் கடிவாளம் வந்தவுடன் சாத்தான் சாதுவாகிவிட்டது!

1976 ஜனவரி 5-ந் தேதி முதல் மந்திரி வோர்ஸ்டர் அதைத் தொடங்கி வைத்தார். காலந்தாழ்ந்து வந்ததில் ஒரே ஒரு லாபம், முதல் நாளிலேயே வர்ணப் படமாக வந்ததுதான். ஒரே அலைவரிசை, மாலை நேரத்தில் சில மணி மட்டும். அந்த நேரத்தை இரண்டு பாஷைகளுக்குப் பாதிக்குப் பாதி சமமாகப் பங்கிட்டார்கள். எந்த இரண்டு? இங்கிலீஷும் ஆப்ரிகான்ஸும். ஜனத்தொகையில் வெள்ளையர் சுமார் ஆறில் ஒரு பங்கே. மீதியுள்ள ஜூலு, ஸோஸா, ஸோதோ, ஸ்வானா பேசும் பெருவாரி மக்களுக்கு ஒரு நிமிஷமும் இல்லை. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன நம் தமிழர், தெலுங்கர் முதலியவர்களின் சந்ததியாருக்கும் இல்லை. சோவெட்டோ என்னும் கறுப்பர் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமே கிடையாது. ஆனாலும் இதற்குப் பெயர் தேசிய டெலிவிஷன்!

இங்கேதான் தோழர்களே, நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டும். இந்தப் "பாதிக்குப் பாதி" என்னும் தர்மம் பெட்டியோடு நிற்கவில்லை. அதே சர்க்கார் 1974-ல் ஓர் உத்தரவு போட்டு, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களிலும் ஏழாம் வகுப்பு முதல் இதே இரண்டு பாஷைகளைப் பங்கிட்டு வைத்தது. கணக்கும் சமூக பாடமும் ஆப்ரிகான்ஸில், விஞ்ஞானமும் கைத்தொழிலும் இங்கிலீஷில். சொந்தத் தாய்பாஷை எதற்கு? மத போதனைக்கும், பாட்டுக்கும், தேகப்பயிற்சிக்கும்! அதாவது, கும்பிடவும் ஆடவும் பாடவும் உன் பாஷை போதும். கணக்குப் போடவும் யோசிக்கவும் எஜமானன் பாஷை வேண்டும் என்பதாகும். வாத்தியாருக்கே சரியாகத் தெரியாத பாஷையில் பிள்ளை கணக்குப் படிக்க வேண்டுமாம்.

பெரியவர்கள் பொறுத்தார்கள், பிள்ளைகள் பொறுக்கவில்லை. மே மாதத்திலேயே சில பள்ளிகளில் வேலைநிறுத்தம் ஆரம்பமாகி, ஜூன் 16-ந் தேதி ஆயிரக்கணக்கான மாணவர்கள் சோவெட்டோ வீதியில் ஊர்வலம் வந்தார்கள். போலீசார் சுட்டார்கள். 12 வயதுப் பையன் ஹெக்டர் பீட்டர்ஸன் மாண்டான். கலகம் நாடெங்கும் பரவி, 1977 பிப்ரவரிக்குள் 575 பேர் மாண்டதாகச் சர்க்கார் போட்ட விசாரணைக் கமிஷனே ஒப்புக்கொண்டது. டெலிவிஷன் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத சமயம் அது. பிள்ளைகளின் குறையை அவர்கள் பாஷையிலேயே கேட்டுச் சொல்ல அந்தப் பெட்டியில் இடமில்லை. அந்த அக்கிரமத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது எது? சாம் ந்ஸிமா என்னும் கறுப்பர் பிடித்து, கறுப்பர்கள் படிக்கும் "வேர்ல்ட்" பத்திரிகையில் வெளியான ஒரு புகைப்படம். கோடிக்கணக்கில் செலவழித்த வர்ணப் பெட்டி செய்யாத வேலையை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் செய்தது. அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1977 அக்டோபர் 19-ந் தேதி அந்தப் பத்திரிகையையே தடை செய்தார்கள்.

ஆனால் பிள்ளைகளின் ரத்தம் வீண் போகவில்லை. ஜூலை மாதத்திலேயே ஆப்ரிகான்ஸ் கட்டாயத்தைச் சர்க்கார் கைவிட்டது. 1982-ல் ஆப்பிரிக்க பாஷைகளுக்கென்று இரண்டு அலைவரிசைகள் வந்தன. 1983-ல் இந்தியர்களுக்காக ரேடியோ லோட்டஸ் வந்தது. இனவொதுக்கலுக்குப் பைபிளில் ஆதாரம் காட்டிவந்த டச்சு சீர்திருத்தச் சபை, அப்படிக் காட்டியது தப்பு என்று 1986-ல் சொல்லிக்கொண்டது. எழுதிய ஆண்டவன் மாறவில்லை. படித்தவர்களுக்குக் காலம் மாறியவுடன் அர்த்தம் மாறிவிட்டது! 1994-ல் எல்லோரும் ஓட்டுப் போட்டு, 11 பாஷைகள் சர்க்கார் பாஷைகளாயின. 2023-ல் சைகை மொழியும் சேர்ந்து 12 ஆயிற்று.

அப்படியானால் வேலை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சுதந்திர தென்னாப்பிரிக்காவிலேயே, 2016-ல், கிளர்ச்சிக்காரர்கள் பொதுச்சொத்தை அழிக்கும் காட்சிகளைக் காட்டக்கூடாது என்று அதே ஒளிபரப்பு ஸ்தாபனம் உத்தரவு போட்டது. அதை ஆட்சேபித்த எட்டுப் பத்திரிகையாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். கோர்ட்டு தலையிட்டபின் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். உத்தரவு போட்டவர்களின் தோல் நிறம் மாறியிருந்தது, புத்தி மாறவில்லை.

ஆகவே தோழர்களே! பெட்டி பேயுமல்ல, தெய்வமுமல்ல. அது ஒரு கருவி. ஒரு புதுச் சாதனத்தைக் கண்டு, இது உன் ஒழுக்கத்தைக் கெடுக்கும், தொடாதே என்று ஒருவன் சொன்னால், "கெடப்போவது என் ஒழுக்கமா, உன் ஆதிக்கமா?" என்று கேளுங்கள். பிறகு அவனே அதைக் கொண்டுவந்து உங்கள் வீட்டு நடுவில் வைத்தால், "இதில் பேசுகிறவன் யார்? யார் பாஷையில் பேசுகிறான்? பேசாமல் விடப்பட்டவன் யார்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைச் சோவெட்டோப் பிள்ளைகள் வீதிக்கு வந்து உயிரைக் கொடுத்துக் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கக்கூட நமக்குச் சோம்பல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, நாம் இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.