இலை சொல்லும் குறை

திருக்கடையூரைச் சூழ்ந்த வயல்களில், நட்ட நாற்று வேர் பிடித்துத் தூர் கட்ட வேண்டிய பருவத்தில் வெளிறி நிற்குமாயின், மனங்கலங்கி உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன், வெளிறியது அடியிலையா குருத்திலையா என்று வரப்பில் குனிந்து நிதானமாகப் பார்ப்பதே உத்தமமான முதற்காரியம்.

தழைச்சத்தும் சாம்பல் சத்தும் பயிருக்குள் இடம்பெயரும் சுபாவம் உடையவை. ஆதலால், அவை குறையும்போது பயிர் தன் முதிய இலைகளில் உள்ளதை எடுத்து இளங்குருத்துக்கு அனுப்பிவிட, தழைச்சத்துக் குறையில் அடியிலை நுனி தொடங்கி மஞ்சளாகிறது. சாம்பல் சத்துக் குறையில் அதன் நுனியும் ஓரமும் காய்ந்து கருகுகின்றன. இரும்பும் கந்தகமும் அவ்வாறு எளிதில் நகராமையால், அவற்றின் குறை குருத்திலேயே வெளிப்படும்.

நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அடியிலைகளில் துருநிறப் புள்ளிகள் பரவி, பயிர் குன்றி நிற்பது துத்தநாகக் குறையின் லட்சணம். வட இந்தியாவில் 'கைரா' என்னும் பெயரால் அறியப்பட்ட இந்நோயின் காரணம் இதுவே என்று, 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நேனே கண்டறிந்தார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன்னர் சேற்றின் மேற்பரப்பில் தூவுவது இக்குறையை முன்கூட்டியே தடுக்கும் வழி. மணிச்சத்து உரத்தோடு அதைச் சேர்த்து இடலாகாது.

சந்தேகம் எழுந்தால், வயலின் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குறை இன்னதென்று உறுதிப்படுத்திய பின்னரே உரமிடுங்கள். பயிரும் பிழைக்கும், பணமும் மிஞ்சும்.