தீயின் நடுவே ஒரு காற்றுப் போர்வை



கம்பளை நகரை அணைத்தோடும் மகாவலி, மழை பொய்க்கும் ஆண்டுகளில் மெலிந்துபோவதை அவ்வூரார் நன்கறிவர். ஆறு மெலிந்தால் வயல்கள் மாத்திரம் வாடுவதில்லை; நாட்டின் விளக்குகளும் மங்குகின்றன. கம்பளைக்கு அண்மையில் நிலத்தினடியே அமைந்த கொத்மலை மின்நிலையம் 201 மெகாவாற்று வலுவுடையது. ஆயினும் நீரில்லாதபோது அதன் சுழலிகள் ஓய்ந்தே கிடக்கவேண்டும். 1996 ஆம் ஆண்டின் வறட்சியில் இலங்கை நீண்ட மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. இத்தகைய வேளைகளில் கைகொடுத்து வந்தவற்றுள் கொழும்பின் களனிதிஸ்ஸ நிலையத்து வாயுச் சுழலிகளும் அடங்கும். அவை எரிப்பதோ கடல் கடந்து வரும் எண்ணெய். ஆகவே, ஒரு துளி எண்ணெயிலிருந்து எவ்வளவு மின்சாரம் பெறலாம் என்பது ஏழை நாட்டுக்கு வெறும் விஞ்ஞான வினா அன்று.

வாயுச் சுழலியின் தத்துவம் எளியது. முன்புறத்தில் உள்ளிழுக்கப்படும் காற்று பல வரிசை இறக்கைகளால் நெருக்கப்படுகிறது. நெருக்குண்ட காற்றில் எரிபொருள் எரிகிறது. பொங்கி விரியும் வெவ்வாயு, பின்புறத்து இறக்கைகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. அச்சுழற்சியின் பெரும்பகுதி காற்றை நெருக்குவதற்கே செலவாகிவிடும், எஞ்சியதே மின்சாரமாகும். எஞ்சுவது மிகவேண்டுமாயின் வாயுவின் வெப்பநிலையும் மிகவேண்டும்.

1939 இல் சுவிற்சர்லாந்தின் நொஷாத்தல் நகரில், ஊருக்கு மின்சாரம் வழங்குவதற்கென ஒரு வாயுச் சுழலி நிறுவப்பட்டது. அதன் வாயு ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. எரிபொருளின் சக்தியில் 17 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கே மின்சாரமாயிற்று. இன்றைய பெரும் இயந்திரங்களிலோ வாயு 1500 பாகையையும் கடந்துவிட்டது. ஆனால், இறக்கைகள் செய்யப்படும் நிக்கல் கலப்புலோகம் 1300 பாகையளவிலேயே உருகத் தொடங்கும். தன்னை உருக்கவல்ல தீயினுள் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் இறக்கை, அழியாது நிலைப்பது எங்ஙனம்?

அதற்கு மூன்று காப்புகள் உண்டு. முதலாவது, உலோகம் முழுவதையும் ஒரே பளிங்காக வார்த்தல். இது எளிய கலையன்று; இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2021 இல் ஹெலிகொப்டர் இயந்திரத்துக்கென இத்தகைய 60 இறக்கைகளை வார்த்தளித்தமை ஒரு சாதனையாகவே அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, பீங்கான் இனத்தைச் சேர்ந்த மெல்லிய மேற்பூச்சு. மூன்றாவதே வியப்புக்குரியது: காற்றினாலான போர்வை.

நெருக்குண்ட காற்றில் ஒரு பகுதி எரியவிடப்படாது பிரித்தெடுக்கப்பட்டு, இறக்கையின் உள்ளே நெளிந்து செல்லும் குடைவுகளினூடே செலுத்தப்படுகிறது. பின்னர் அது நுண்துளைகள் வழியே வெளிவந்து, இறக்கையின் மேனியில் படலமாய்ப் படர்கிறது. இக்காற்றும் 400 பாகைக்கு மேற்பட்ட சூடுடையதுதான். எனினும் தீயை நோக்கக் குளிர்ந்ததே. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் காற்று வெப்பத்தைச் சுமந்துவருகிறது. இங்கே காற்றே வெப்பத்தைத் தடுத்து நிற்கிறது.

ஆனால் இப்போர்வைக்கு விலையுண்டு. குளிர்விக்க எடுக்கும் காற்று மிகுந்தால், இயந்திரத்தின் வினைத்திறன் குன்றும். ஆதலின் சிறிதளவு காற்றால் பெரும் பரப்பை மூடுவதே ஆராய்ச்சியின் நோக்கமாயிற்று. வட்டத் துளையினின்று விரைந்து பாயும் காற்று மேனியை விட்டு எழும்பிவிடும். அதன் அடியில் தீ புகுந்துவிடும். துளையின் வாயை விசிறிபோல் விரித்தால், காற்று வேகந் தணிந்து மேனியோடு ஒட்டிச் செல்லும். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஸ்ரீன், எக்கேட் முதலியோர் 1974 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையைத் தெளிவாக்கிற்று. ஒரு துளையின் வடிவம் எரிபொருட் செலவையே மாற்றியமைக்கிறது!

வெளியேறும் சூட்டையும் வீணாக்காது, அதைக்கொண்டு நீராவி உண்டாக்கி இன்னொரு சுழலியை இயக்கும் முறையும் இன்று வழக்கிலுள்ளது. களனிதிஸ்ஸவிலும் இவ்வமைப்பு உண்டு. பிரான்சின் பூஷேன் மின்நிலையம் 2016 இல் இவ்வழியே 62 வீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறனை எட்டியது. நொஷாத்தலின் 17 வீதத்தினின்று இவ்வுயரத்தை அடைய ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு சென்றது.

மழையை வருவிக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. மழை பொய்த்த நாளில் எரிக்கும் எண்ணெயைச் சிக்கனமாய் எரிக்கும் அறிவு அவன் கைக்குள் உண்டு. அவ்வறிவு இன்று, ஊசிமுனையளவான துளைகளில் தங்கியிருக்கிறது.