பழைய சிறு விமானம்: விலையும் செலவும்

(ஸ்ரீவிஜயபுரத்தில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. வெளிநாட்டில் ஓடிய சிறு விமானம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதனை வாங்கித் தீவுகளுக்கிடையே இயக்கினால் மக்களுக்கு நன்மை, நிருவாகத்துக்கு வருவாய் என்பது அதன் சாரம். புதிய விமானத்தின் விலையையும் பழையதன் விலையையும் அருகருகே வைத்து, மிச்சமாகும் தொகையைக் கணக்கிட்டு, பரிசீலிக்கத்தக்கது என்று குறிப்பெழுதினேன். பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன் எழுதியிருக்கக் கூடாத குறிப்பு அது. வேறு காரணங்களால் அத்திட்டம் நிறைவேறவில்லை. என் கணக்கிலிருந்த பிழையை அன்று எவரும் சுட்டிக்காட்டவில்லை. இன்று நானே சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

விமானத்தின் தேவை பற்றி இந்த அரங்கில் விரித்துரைக்க வேண்டியதில்லை. வடக்கிலிருந்து தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டம் இது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. கேம்ப்பெல் விரிகுடா இங்கிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர். சிறு விமானத்துக்கு அது இரண்டு மணி நேரப் பயணம். இடைத் தீவுகளைத் தொட்டுச் செல்லும் கப்பலுக்கோ ஒரு பகலும் இரவும் போதா. பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இவ்வேறுபாடு என்ன பொருள் தரும் என்பதைத் தெற்குத் தீவுகளில் பணியாற்றிய மருத்துவர்கள் அறிவர்.

இனி கணக்குக்கு வருவோம். நான் கூறப்போகும் எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கற்பனையாக வைத்துக்கொண்டவை. பழைய விமானத்தின் விலை 2 கோடி ரூபாய் எனக் கொள்வோம். அப்பணத்தை வேறிடத்தில் இட்டிருந்தால் நூற்றுக்கு எட்டு வீதம் ஆண்டுக்கு 16 லட்சம் கிடைத்திருக்கும். இதுவே வாய்ப்புச் செலவு. விமானிகள், பொறியாளர் ஆகியோரின் ஊதியம், காப்பீடு, கொட்டகை வாடகை, ஆண்டுதோறும் பறக்கும் தகுதியைச் சரிபார்த்தல் ஆகியவற்றுக்கு 84 லட்சம். ஆக நிலைச் செலவு ஆண்டுக்கு ஒரு கோடி. விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இது உண்டு. பறக்கும்போது எரிபொருள், எண்ணெய், எஞ்சின் ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு மணிக்கு 40,000 ரூபாய் என வைப்போம்.

எஞ்சின் ஒதுக்கீடு என்பதைச் சற்று விளக்க வேண்டும். செஸ்னா கேரவன் வகை விமானத்தில் பரவலாக உள்ள பி.டி.6 எஞ்சினை 3,600 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் வரையறை. அதற்கு 3 கோடியே 60 லட்சம் ஆகுமானால், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்தாயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே பழைய விமானத்தை வாங்குபவர் அதன் வயதைக் கேட்பதைவிட எஞ்சினில் எஞ்சியுள்ள மணிகளைக் கேட்பது நன்று. 3,500 மணி ஓடிய எஞ்சினுடன் வரும் மலிவான விமானம் மலிவானதன்று.

ஆண்டுக்கு 200 மணி பறந்தால் ஒரு மணிக்கு நிலைச் செலவு 50,000, மாறும் செலவு 40,000, ஆக 90,000 ரூபாய். 400 மணி பறந்தால் அது 65,000 ஆகக் குறைகிறது. அதாவது 25,000 ரூபாய் மிச்சம். இதற்கு மாறாக, பேரம் பேசி விமானத்தைப் பாதி விலைக்கே வாங்கிவிட்டோம் என வைத்துக்கொள்ளுங்கள். 200 மணி பறக்கும் விமானத்தில் அதனால் மணிக்கு மிச்சமாவது 4,000 ரூபாய் மட்டுமே! நான் அன்று எழுதிய குறிப்பு முழுவதும் இந்த நாலாயிரத்தைப் பற்றியது.

இந்தப் பிழையை நாடே ஒருமுறை செய்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைகளுக்கு மிகையாகிப்போன டக்கோட்டா விமானங்கள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. விலையைக் கண்டு பலர் விமான நிறுவனம் தொடங்கினர். பயணிகள் அந்த அளவுக்கு இல்லை. நீதிபதி ராஜாத்யட்சா தலைமையில் 1950-இல் ஆய்வு செய்த குழு, நிறுவனங்களின் எண்ணிக்கை தேவைக்கு மிஞ்சியது என்று கண்டது. 1953-இல் அவை நாட்டுடைமையாயின.

இத்தீவுகளில் பறக்கும் மணிகளைப் பெருக்குவது எளிதன்று. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரு பருவக் காற்றுகளும் நம்மைத் தொடுகின்றன. உப்புக் காற்று நிற்கும் விமானத்தையும் விடாமல் அரிக்கும். கடலில் இறங்கும் விமானத்தை நன்னீரால் கழுவியாக வேண்டும். தனிக்காரி அணையில் நீர் குறைந்து, நகரில் குழாய்நீர் முறை வைத்து வரும் கோடையிலும் கழுவத்தான் வேண்டும். பிஸ்டன் எஞ்சின் கொண்ட இன்னும் சிறிய விமானம் போதுமே என்பார்க்கு ஒன்று கூறுவேன்: அதற்கான சிறப்புப் பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-இல் உள்நாட்டுத் தயாரிப்பாக அறிமுகப்படுத்தும்வரை நாம் இறக்குமதியே செய்து வந்தோம். இன்றும் அது கடல் கடந்துதான் இங்கு வர வேண்டும்.

நன்மையின் பக்கத்துக்கு வருகிறேன். பவன் ஹன்ஸ் நிறுவனமும் அந்தமான் நிருவாகமும் இணைந்து நடத்திய ஜல் ஹன்ஸ் நீர்விமானத்தை உங்களுள் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். 2010 டிசம்பரில் மும்பையில் தொடங்கிவைக்கப்பட்டு, அடுத்த மாதம் இங்கு வந்தது. செஸ்னா 208ஏ வகை. போர்ட் பிளேயர், ஹேவ்லாக், திக்லிப்பூர் வழித்தடம். அச்சேவை நீடிக்கவில்லை. இன்று சுவராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்குக்கு விரைவுப் படகு இரண்டு மணி நேர அளவில் போய்விடுகிறது. அங்கே விமானம் மிச்சப்படுத்துவது சுற்றுலாப் பயணியின் ஒரு மணி நேரத்தைத்தான். ஆனால் கட்டணம் தரவல்லவர் அவரே. தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட கச்சாலில் விமானம் மிச்சப்படுத்துவது ஓர் உயிராக இருக்கலாம். அங்கே கட்டணம் தர ஆளில்லை, ஓடுதளமும் இல்லை. ஓடுதளங்கள் இருப்பது ஸ்ரீவிஜயபுரம், ஷிப்பூர், கார் நிக்கோபார், கேம்ப்பெல் விரிகுடா ஆகிய இடங்களில். அவையும் படைகளின் பொறுப்பில் உள்ளவை. நன்மை மிகுந்த வழித்தடமும் வருவாய் மிகுந்த வழித்தடமும் வெவ்வேறாக இருக்கையில், இரண்டையும் ஒரே வரவு செலவில் காட்டும் கோப்பு எதுவாயினும் அதனைச் சந்தேகத்துடன் படிக்குமாறு அலுவலக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாலத்தீவில் நீர்விமானம் செழிக்கிறதே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கு ஒரு நிறுவனமே ஐம்பதுக்கு மேற்பட்ட ட்வின் ஆட்டர் விமானங்களை இயக்குகிறது; அவற்றுள் பல, 1988-இல் நின்றுபோன பழைய தயாரிப்பு வரிசையைச் சேர்ந்தவை. பழைமை அங்கு தடையாகவில்லை. ஒன்று பழுதானால் மற்றொன்று பறக்கிறது. உதிரிப்பாகமும் தொழிலாளரும் அருகிலேயே உண்டு. அதே மாலத்தீவிலிருந்து ஏறத்தாழ ஐம்பதாண்டு வயதுடைய ஒரு ட்வின் ஆட்டர் 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதியிலிருந்து ஒற்றுமைச் சிலைக்குப் பறக்கத் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் பராமரிப்புக்காக மாலத்தீவுக்குத் திரும்பிச் சென்றது. அது திரும்பி வரும்வரை சேவை நின்றது. 2021 ஏப்ரலில் முற்றிலும் நின்றது. விமானம் ஒரே வகைதான். இங்கு அது ஒற்றையாக இருந்தது.

அந்தப் பழைய கோப்பு இன்று என்னிடம் வருமாயின் இவ்வாறு எழுதுவேன்: விமானம் வாங்க வேண்டா. பல விமானங்களை உடைய நிறுவனம் ஒன்றிடமிருந்து ஆண்டுக்கு 400 மணி நேரத்தை ஒப்பந்தத்தில் வாங்குக. பறக்க ஆயத்தமாக இல்லாத நாள்களுக்குப் பணம் தரலாகாது. தெற்குத் தீவுகளின் நோயாளிகளுக்குரிய மணிகள் அவற்றுள் முதலில் ஒதுக்கப்படுக. அச்செலவு நலவாழ்வுத் துறையின் வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாக மானியம் என்றே காட்டப்படுக. சுற்றுலாவுக்கு எஞ்சிய மணிகளை முழுச் செலவுக்கும் குறையாத கட்டணத்தில் விற்கலாம். கச்சால் போன்ற தீவுகளுக்கு ஹெலிகாப்டர் தொடர வேண்டும். அதன் மணிச் செலவையும் இதே முறையில் கணக்கிட்டு அடுத்த கூட்டத்தில் வைக்கவும்.